மலைமேல் கிடைத்த வீடு

சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி, கதவின் கீழ்மூலையில் காலால் ஓர் உதை விட்டாள் அந்த அக்கா. முனகிக்கொண்டே திறந்தது கதவு.

“ஈரம் பட்டா இப்படித்தான் முரண்டு பிடிக்கும். ஒரு உதை விட்டா வழிக்கு வந்துடும்.”

அவனுக்கு இருந்த அலுப்பில், கதவே இல்லாத வீடு என்றாலும் சரி என்றிருப்பான். கீழே நகரத்தில் எதிர்வீடு, மாடிவீடு என்று ஆம்புலன்ஸ் வந்து ஆளை அள்ளிக்கொண்டு போன வண்ணம் இருந்தது. அவன் மனைவிக்கோ நிறைமாதம். பெயர் பதிந்து வைத்திருந்த ஆஸ்பத்திரி பிரசவ வார்டையும் தொற்று வார்டாக்கிவிட்டு, வேறு இடம் பாருங்கள் என்று கையை விரித்துவிட்டது.

ஆபீஸ் வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் கணினியில் பார்க்கலாம் என்றார்கள். குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, மூட்டை முடிச்சோடு வாடகை வண்டி பிடித்து மலையேறிவிட்டான். தரகரோடு போனில் பேசி முடித்த வீடு இது. வாசலில் சாவியோடு நின்றவளை வீட்டுக்காரி என்று எடுத்துக்கொண்டான்.

“மத்தியானம் அடுப்படி ஜன்னலைத் திறந்து வைங்க. வெயில் வர்ற ஒரே இடம் அதுதான். பின்னறையில குளிர் அள்ளும், அங்க படுக்காதீங்க.”

கூடத்து மூலையில் நாலைந்து அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டிக் கிடந்தன.

“இதெல்லாம் இப்பப் போயிடும்” என்றாள்.

அவன் மனைவி சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அக்காவும் கூடவே குனிந்து, அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“வழியெல்லாம் காலைத் தொங்கப் போட்டுட்டே வந்தியாம்மா? தலைகாணி வச்சு உயர்த்திப் படு. தலைவலி, கண்ணு மங்கல்னு ஏதாவது இருக்கா?”

“அதெல்லாம் இல்லக்கா. மூச்சுதான் வாங்குது.”

“மலைக்குப் புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்.”

பல நாளைக்குப் பிறகு அவன் மனைவி சிரித்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கும் தெம்பு வந்துவிட்டது.

“அக்கா, என் மச்சினனும் குடும்பத்தோட வரேங்கறான். இங்க இன்னொரு வீடு கிடைக்குமா?”

“வீடா? கோழிக்கூண்டைக்கூட விட்டு வைக்கலீங்க, கீழேருந்து வந்தவங்க. வாடகை எங்கேயோ போயிடுச்சு. இந்த ஊர்ல வேலை பாக்கறவங்களுக்கே ஒதுங்க இடமில்ல.”

“ஆமாமா, எல்லாருக்கும் உயிர் பயம்” என்றான் அவன். தன்னையும் அந்த எல்லாரில் சேர்த்துக்கொள்ள ஏனோ தோன்றவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தான். மலைமேல் மலையாக, கண்ணுக்கு எட்டிய வரை மலைதான். வந்த பாதையைப் பனி மூடிக்கொண்டிருந்தது. சட்டென்று அக்கா பக்கம் திரும்பினான்.

“அக்கா... திடுதிப்புனு இவளுக்கு வலி வந்தா?”

“பெரிய ஆஸ்பத்திரின்னா கீழேதான் போகணும். மண்ணு சரிஞ்சா அந்தப் பாதையும் அடைச்சுக்கும்.”

அவன் முகம் வெளிறியது. “அப்ப இங்க பிரசவம் யாரு பாக்கறா?”

“ஒரே ஒரு நர்ஸம்மா இருக்காங்க. இந்த மலையில பொறந்த புள்ளைங்க பாதிக்கு மேல அவங்க கையிலதான் பொறந்துச்சு.”

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. மனைவியின் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

“அது போதும்க்கா! இப்பவே போய் ஒரு வார்த்தை சொல்லி வச்சுடறேன். அவங்க வீடு எங்க இருக்கு?”

அக்கா சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். குனிந்து ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“இதுதாங்க. நீங்க வந்த வண்டியிலதான் நான் ஊரைவிட்டுப் போறேன்.”