கதை மாமாவின் மீசை

"டிவியை உள்ளே திருப்பி வையிக்கா. உனக்குப் புண்ணியமாப் போவும்!"

தெருவே கேட்கிற மாதிரிதான் ஜெனிபர் கத்தினாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த கம்பெனி வேனை விட்டு இறங்கியவள், சாப்பாட்டுப் பையைக்கூட இன்னும் வீட்டில் வைக்கவில்லை.

திலகவதி வாசற்படியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மூடிகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வீட்டுக்கு வரும் வேலை. அவள் முதுகுக்குப் பின்னால், ஸ்டூல் மேல், தெருவைப் பார்த்தபடி டிவி. எதிரே விரித்த கோணியில் லைன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும். நடுவில் வாயைப் பிளந்துகொண்டு ஜெனிபரின் மகள் ஏஞ்சலின்.

"இன்னாமா ஆச்சு?" என்றாள் திலகவதி.

"இன்னா ஆவணும்? ஸ்கூல் லீவு உட்டதிலேருந்து இவ இங்கியே கெடக்குறா. ராத்திரி சோறு ஊட்டினா, 'நெல்லுக்கு யூரியா எப்பம்மா போடணும்'னு கேக்குறா!"

தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டு முத்தம்மா நின்று சிரித்தாள்.

"அந்தக் கவர்மென்ட் சேனல்ல இந்தத் திலகா ஒண்ணும் உடமாட்டா ஜெனி. காலைல யோகா, அப்பால பாப்பா பாட்டு, மத்தியானம் விவசாயம், சாயங்காலம் கச்சேரி. இவளுக்கு இன்னா வயசுன்னு அந்த டிவிக்கே கொழப்பம்."

"பாக்குறதுன்னா கதவைச் சாத்திக்கினு நீ மட்டும் பாருக்கா. ஊருக்கு இன்னாத்துக்குப் படம் காட்டுற? என் பொண்ணு கண்ணு கெட்டா நீயா கண்ணாடி வாங்கித் தருவ?"

"இல்ல ஜெனி, பசங்க..."

"பசங்க மேல பழி போடாத!"

திலகவதி கத்திரியைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் ஸ்டூலோடு டிவியை உள்பக்கம் திருப்பினாள். பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தின.

"டிவில கதை மாமா வர்ற நேரம்மா!" என்று ஏஞ்சலின் அழுதாள்.

"கதை மாமாவும் வாணாம், காக்கா மாமாவும் வாணாம். நட ஊட்டுக்கு!"

மறுநாள் ஜெனிபர் நிம்மதியாக வேலைக்குப் போனாள். நைட் ஷிப்ட் முடித்த புருஷன் அந்தோணி பகலில் வீட்டில்தான் தூங்குவான். அப்பா இருக்கும்போது பிள்ளைக்கு என்ன?

அன்று மெஷின் ரிப்பேர். அரை மணி முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள்.

லைன் வீட்டு வாசலில் ஒரு பிள்ளையையும் காணோம். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அந்தோணி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏய்யா, புள்ள எங்க?"

அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். "திலகாக்கா ஊட்டாண்ட டிவி பாத்துனு இருக்கும், போய்ப் பாரு."

திலகவதி வீட்டில் டிவி சுவரோடு பேசிக்கொண்டிருந்தது. கத்திரி ஒரு பக்கம், மூடிகள் ஒரு பக்கம் சிதறிக் கிடந்தன. ஆள் இல்லை.

ஜெனிபர் ரோட்டுப் பக்கம் ஓடினாள்.

தெருமுனையில், பக்கத்திலிருந்த கம்பெனிக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அங்கிருந்து திலகவதி வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. இடுப்பில் ஏஞ்சலின், இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள், பின்னால் மற்றதுகள். ஏஞ்சலின் கவுன் முழுக்கக் கிரீஸ்.

"லாரிக்கு அடியில ஒளிஞ்சி ஆடிக்கினு இருந்திச்சிங்க" என்றாள் மூச்சு வாங்க. "டிரைவர் பாவம், தெரியாம வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டாரு. முன்னாடி போய் நின்னு கத்தினேன்."

ஜெனிபர் மகளைப் பிடுங்கி அணைத்துக்கொண்டாள்.

"காலைலேருந்து நானும் ஓடிக்கினே கீறேன், ஒண்ணு இங்க ஓடுது, ஒண்ணு அங்க ஓடுது. டிவில பாப்பா பாட்டு வந்தா சின்னதுங்க அசையாது. மேட்ச் வந்தா பெரிய பசங்க ஒக்காருவானுங்க. உரம், பூச்சின்னு பேச ஆரம்பிச்சா எல்லாம் தூங்கிடும். அப்பதான் நான் ஒரு வாய் சோறு துன்னுவேன்."

ஜெனிபர் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் திலகவதி வீட்டுக்குள் போய் ஸ்டூலைத் தெருப்பக்கம் திருப்பினாள். கோணியை அவளே உதறி விரித்தாள்.

கதை மாமா வந்துவிட்டிருந்தார். பிள்ளைகள் கப்சிப்.

திலகவதி படியில் உட்கார்ந்து கத்திரியை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்த ஜெனிபர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏதாவது பேசியாக வேண்டுமே என்று டிவி பக்கம் திரும்பினாள்.

"இந்தக் கதை மாமா மீசையைப் பாருக்கா. கம்பளிப்பூச்சி கெணக்கா!"

"அப்பிடியா?"

பிள்ளைகள் மேலிருந்து கண்ணை எடுக்காமல் திலகவதி சொன்னாள்.

"கொரலு நல்லாத் தெரியும் ஜெனி. மூஞ்சிய நான் பாத்ததே இல்ல."