விடை சரி

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனால் அன்றைக்குத்தான் அங்கிருந்து அலறல் சத்தம் அதிகமாகக் கேட்கும்.

'மின்கம்பம்' ராக் இசைக் குழுவின் ரசிகர்கள் கூடுகிற நாள் அது. கச்சேரிகளில் கள்ளத்தனமாகப் பதிவு செய்ததை எல்லாம் ஆளாளுக்குக் கொண்டு வந்து போட்டுக் காட்டுவார்கள். "இந்த இடத்துல ஒருத்தன் தும்முறான் கேளு, அது நான்தான்!" என்று மார் தட்டுவார் பேக்கரிக்காரர். "நீ தும்முன தும்முலதான் டிரம்ஸ்காரன் தாளத்தை விட்டான்" என்பார் அவருடைய மச்சான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது மட்டும் அங்கே சட்டம். மேடையில் பாடகரே வெறுங்காலோடு நிற்கும்போது ரசிகனுக்கு என்ன கேடு?

நாற்காலி பற்றாமல், பல் பிடுங்கும் சாய்வு நாற்காலி எப்போதும் கணக்கு வாத்தியாருக்குத்தான். ரொம்பச் சாது. எதற்கும் "ஆக, விடை சரி" என்று முடிப்பது அவர் பழக்கம். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டாலும், ஒரு வாய் குடித்துவிட்டு அதையேதான் சொல்வார்.

அந்தக் கூட்டத்தில் தீராத வழக்கு ஒன்று இருந்தது. பல வருஷங்களுக்கு முன்பு, ஸ்டேடியக் கச்சேரி முடிந்த கையோடு, மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பாடகரின் பொருள் ஒன்று திருடு போனது. 'அது போன பிறகுதான் நான் வேறு ஆளாக மாறினேன்' என்று ஒரு பேட்டியில் சொன்னாரே ஒழிய, போனது எது என்று பாடகர் வாயைத் திறக்கவில்லை. கிடார் என்பது பேக்கரிக்காரர் கட்சி. புதுப் பாட்டு எழுதிய காகிதம் என்பது மச்சான் கட்சி. இதற்காக இருவரும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் சாப்பிட்டதுண்டு.

வாத்தியார் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சேரத் தேவையும் இல்லை. அந்தப் பொருள் அவர் வீட்டுப் பரணில், பழைய கோணிப்பைக்குள் பத்திரமாக இருந்தது. மனைவி பரண் பக்கம் நிமிர்ந்து பார்த்தாலே, "எலி இருக்கு, போகாதே!" என்று அலறுவார்.

போலீசுக்குக்கூட அவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. இந்தக் கூட்டம் தன்னைத் துரத்திவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் எரிச்சலோடு கத்துகிற மனுஷனுக்கு, சந்தோஷமாகக் கத்த இருக்கிற ஒரே இடம் இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது ஆள் ஒருவர் வந்து நின்றார். ஒட்ட வெட்டிய தலை. மடிப்புக் கலையாத காக்கிக் கால்சட்டை. கையில் பூட்டுப் போட்ட தோல் பெட்டி.

"மஃப்டி போலீஸ்" என்று பேக்கரிக்காரர் மச்சான் காதில் ஊதினார்.

"அன்னைக்கு ஸ்டேடியத்துல மைக் செட் போட்டது நான்தான்" என்றார் வந்தவர். "பின்னாடி ரூம்ல இருந்த ஒரு மைக்கை அணைக்க மறந்துட்டேன். கேசட் இப்பதான் கையில சிக்குச்சு. எடுத்தவன் குரல் அப்படியே இருக்கு. ஆள்தான் யாருன்னு தெரியல. ஒவ்வொரு ரசிகர் கூட்டமா போய்ப் போட்டுக் காட்டிட்டு வர்றேன்."

"அதுல பாட்டு இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"கடைசிப் பாட்டு முழுசா இருக்கு."

கிளினிக்கே துள்ளிக் குதித்தது. வாத்தியார் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, கடவாய்ப் பல் உயிர் போகுது. கொஞ்சம் அந்த மெஷினை ஓட்டுங்களேன்."

"ஞாயித்துக்கிழமை நான் பல்லைத் தொட மாட்டேன் சார். வாயை மூடிட்டுக் கேளுங்க."

கேசட் ஓடியது. கிடார் எழும்பி, டிரம்ஸ் அதிர்ந்து, பாடகரின் குரல் உச்சிக்கு ஏறியபோது பேக்கரிக்காரர் மச்சானைக் கட்டிக்கொண்டு அழுதார். வாத்தியார்கூட பயத்தை மறந்து, படுத்த வாக்கில் கையை ஆட்டிக் கத்தினார்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் மெல்ல அடங்கியது. கதவு கிறீச்சிட்டது. மூச்சு வாங்கும் ஒரு குரல் கேட்டது.

"சே! நெரிசல்ல என்னோடதை எவனோ சுட்டுட்டான். இது இங்க சும்மாதானே கெடக்கு... ம்... ஆக, விடை சரி."

பிறகு டொக், டொக், டொக் என்று ஏதோ சத்தம் தேய்ந்து மறைந்தது.

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் சாய்வு நாற்காலியின் பக்கம் திரும்பின.

"சார், நீங்களா?" என்றார் பேக்கரிக்காரர்.

"கிடாரா, பாட்டா? அதையாவது சொல்லிடுங்க சார்!" என்று கெஞ்சினார் மச்சான்.

"ரெண்டும் இல்ல" என்று முனகிய வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை என்பதே அவருக்குக் கிடையாது.

பெட்டியின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. விலங்குக்குத் தோதாக இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"கையை எதுக்கு சார் நீட்டுறீங்க? காலை நீட்டுங்க" என்றார் வந்தவர்.

"நீங்க அவரோட ஷூவை மாட்டிட்டுப் போனதாலதான் அவர் மறுநாள் வெறுங்காலோட மேடை ஏறினார், அதுலதான் இவ்வளவு பேரும் புகழும், நன்றி சொல்லி, நீங்க எடுக்காம விட்டதையும் குடுத்துட்டு வரச் சொன்னார்" என்றபடி அவர் பெட்டியிலிருந்து பயபக்தியோடு எடுத்து நீட்டியது, ஒரு ஜோடி சாக்ஸ்.