அடுத்த வருட வயது

"மறுபடியும் அதே தப்புதான் அண்ணே" என்றாள் டீச்சர். கண்டக்டரின் திரையில் மூன்றாவது முறையாகச் சிவப்பு எழுத்து வந்து நின்றது.

கம்ப்யூட்டர் வகுப்பின் கடைசித் தேர்வு அது. தேறினால் டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. தவறினால், தேய்ந்துபோன முழங்கால்களோடு பழையபடி பஸ்ஸில் நிற்க வேண்டும். மனிதர் எப்படியாவது கரையேற வேண்டுமென்று டீச்சருக்கே ஆசை.

கேள்வியும் சுலபம்தான். குடும்பத்தில் எல்லோருடைய பெயரையும் வயதையும் கொடுத்தால், அடுத்த வருடம் யாருக்கு என்ன வயது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அவருக்கு, மனைவிக்கு, மகனுக்கு எல்லாம் ஒன்றைக் கூட்டிச் சரியாகச் சொன்னது. சின்ன மகளிடம் வந்ததும் மக்கர் பண்ணியது.

ஓடுகிற பஸ்ஸில் பிசகாமல் சில்லறை எண்ணிக் கொடுத்த கைக்கு, இது மட்டும் படியவில்லை போலிருக்கிறது.

"பாருங்க, பாப்பா வயசை மட்டும் மேற்கோள் குறிக்குள்ள போட்டிருக்கீங்க. உள்ள போட்டா அது வெறும் எழுத்து, எண் இல்ல. அதோட ஒண்ணைக் கூட்ட முடியாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"ஞாபகம் இருக்கு டீச்சர். எத்தனை வருஷம் ஆனாலும் பதினொண்ணு பதினொண்ணாவே நிக்கும்னு சொன்னீங்க."

"அப்புறம் என்ன? ரெண்டு குறியையும் அழிங்க. பாஸ் ஆயிடுவீங்க."

அவர் விரல் விசைப்பலகை வரை போனது. அழிக்காமல் மடிக்குத் திரும்பிவிட்டது.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதிப்பெண் போடுகிற அதிகாரி அடுத்த மேசைக்கே வந்துவிட்டார். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்துகொள்கிறவரை என்ன சொல்வது? இப்படியாவது ரோஷம் வரட்டுமென்று கொஞ்சம் நக்கலாகவே கேட்டுவிட்டாள்.

"பஸ்ல அரை டிக்கெட்டுக்காகப் பிள்ளைங்க வயசைக் குறைச்சுச் சொல்வாங்களே, அந்த மாதிரி உங்க பொண்ணும் வருஷா வருஷம் பதினொண்ணேதானா?"

வகுப்பே சிரித்தது. கண்டக்டரும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்.

"ஃபெயிலாவே இருக்கட்டும் டீச்சர். அவளுக்கு இனிமே வயசு ஏறாது."