இரவல் செரிமானம்

கொட்டகைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே வரும் காலை வெயில் பசுவின் முதுகில் பொத்தான் பொத்தானாகக் கிடக்கிறது. அதன் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார் அதன் சொந்தக்காரர். கன்று போட்ட மகிழ்ச்சியில் ஓர் அண்டா நிறைய மாவைக் கரைத்து அதற்குக் குடிக்க வைத்த வள்ளல் அவர்தான். மூன்று நாளாகப் பசு அசைபோடவில்லை. தீனியைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களெல்லாம் வயிறு புளித்துச் செத்துவிட்டன என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நேற்று மாலை மைத்துனனின் பசு வயிற்றில் குழாய் விட்டு, நுண்ணுயிர்கள் உயிரோடிருக்கும் சாற்றை எடுத்துத் துணியில் வடிகட்டி, சூடு ஆறுமுன் இதற்குப் புகட்டியிருக்கிறார்கள். எலும்புக்கூடு என்று ஊரறிய அவர் கிண்டல் செய்த பசு அது. “எலும்புக்கூட்டுச் சாறு வேலை செய்யுதா மாமா?” என்று வாசலில் சாய்ந்து பல் துலக்கிக்கொண்டே கேட்கிறான் மைத்துனன். “வாய் நிறைய நுரையை வச்சுக்கிட்டுப் பேசாதே மாப்ள. ஒண்ணும் கேக்கல.” கேட்பதெல்லாம் அவருடைய வயிற்றின் இரைச்சல்தான், நேற்றிலிருந்து அவரும் சாப்பிடவில்லை. காதுமடலில் ஓர் ஈ வந்து உட்காருகிறது. அதை விரட்டக்கூட அவர் அசையவில்லை. அப்போது பசுவின் தோல் மெல்ல உப்பி அவர் கன்னத்தைத் தள்ளுகிறது. உள்ளே வெகு ஆழத்தில், யாரோ மூட்டையை நகர்த்துவதுபோல ஓர் உருளல். பசு கழுத்தை நீட்டுகிறது. தொண்டையில் ஓர் உருண்டை மேலேறி வர, தாடை சாவகாசமாகப் பக்கவாட்டில் அசைகிறது. “என்ன மாமா, என்ன ஆச்சு?” காதை எடுக்காமலே, குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு சொல்கிறார்: “உங்க வீட்டு ஆளுங்க வேலைய ஆரம்பிச்சுட்டாங்க மாப்ள.”