வேலையை விட்டதற்குக் காரணம்

"மழுப்பாம சொல்லுங்கப்பா. லிஃப்ட் கம்பெனியை ஏன் விட்டீங்க?"

"வேலை முடிஞ்சுது, விட்டுட்டேன்."

"ரிப்பேர் பண்ற வேலை எப்படிப்பா முடியும்? ஊர்ல லிஃப்ட்டே இல்லாமப் போயிடுச்சா?"

அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரை மட்டும் மூன்றாவது தடவையாகத் தேய்த்தார். நாளைக் காலை பத்து மணிக்கு அவருக்கு இன்டர்வியூ. ஐம்பத்தேழு வயதில்!

மகள் எட்டு மாத வயிற்றோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவருடைய விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்தை அவரே எழுதி, யார் கண்ணிலும் படாமல் ஒரு வார இதழுக்குள் செருகி வைத்திருந்தார். எங்கே வேலை என்று கேட்டால், "கிடைச்சதும் சொல்றேன்" என்பதோடு சரி.

அவள் ஒன்பது வருஷமாக ஒரே கம்பெனியில், ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். இப்படி ஒரு பட்டியல் அவள் மேசைக்கு வந்தால் முழுசாகக்கூடப் படிக்காமல் ஓரங்கட்டிவிடுவாள். லிஃப்ட் மெக்கானிக், இரண்டு வருஷம். நீச்சல் குளத்தில் காவலர், பதினைந்து மாதம். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுப்பவர், எட்டே மாதம். நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் கடை, ஒரு வருஷம். கணக்கு டியூஷன் சென்டரில் ஜெராக்ஸ் எடுப்பவர், ஒன்றரை வருஷம். கடைசியாக புத்தக பைண்டிங் கடை. அங்கே மட்டும் என்ன மாயமோ, பதினாலு வருஷம் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று வீட்டில் மூச்சுவிட்டால், போன வாரம் அதையும் விட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

"வருஷா வருஷம் ஸ்கூல்ல ஃபாரம் கொடுக்கும்போது எனக்கு மானம் போகும்ப்பா. 'இந்த வருஷம் உங்கப்பா என்னம்மா?'ன்னு டீச்சர் கேட்டுட்டுச் சிரிப்பாங்க."

"ஏன், நீ சிரிக்கலையா? லிஃப்ட்ல எல்லா பட்டனையும் அமுக்கிட்டு, மேலயும் கீழயுமா போய்க்கிட்டே சிரிச்சது யாராம்?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொய்யில்லை. அப்பாவின் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீச்சல் குளத்தையே அதிகாரம் செய்தவள் அவள். பல் டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் அந்தப் பெரிய நாற்காலியில் ராட்டினம் ஆடியவளும் அவளேதான். அப்பா என்றால் அவளுக்கு உயிர். அதனால்தான் இவ்வளவு கோபமும் வந்தது.

"சரி, நீச்சல் குளத்துக்கு என்ன காரணம் எழுத?"

"அங்கயும் வேலை முடிஞ்சுடுச்சு."

"பல் டாக்டர்கிட்ட?"

"எல்லாத்துக்கும் மேற்படின்னு போட்டுக்க."

"மேற்படின்னு எழுதினா தூக்கிக் குப்பையில போடுவாங்கப்பா! உங்களுக்கு இது விளையாட்டா இருக்கா?"

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகத்தில் இருந்த குறும்பு காணாமல் போயிருந்தது.

"இந்த வேலை எனக்குக் கிடைச்சே ஆகணும் கண்ணு. நீதான் எப்படியாவது எழுதிக் கொடுக்கணும்."

அவர் இதுவரை அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு என்னவோ போலிருந்தது. பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட வாசலுக்குப் போனார். அம்மா ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரையுமாக வந்தாள்.

"முதல்ல இதைப் போடு. நாளைக்கு மத்தியானம் செக்கப், ஞாபகம் இருக்குல்ல?"

"அந்தப் பேச்சை எடுக்காதம்மா." ஆஸ்பத்திரி என்றாலே இப்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. முந்தாநாள் சமையலறையில் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதும் தீரவில்லை. பேச்சை மாற்ற விண்ணப்பத்தை அம்மா பக்கம் தள்ளினாள். "இதைப் பாரு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத வேலைங்க. நீயாவது அவருக்குப் புத்தி சொல்லியிருக்கக் கூடாதா?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகத்தில் சிரிப்பு பரவியது.

"சம்பந்தம் இல்லையா? லிஃப்ட்டுக்குப் பயந்துக்கிட்டு ஏழு மாடியும் படியேறியே வந்தது யாருடி? தண்ணியைக் கண்டா அலறினது? பல் டாக்டர் பேரைச் சொன்னா வாயை இறுக்கி மூடிக்கிட்டது? நாய் குரைச்சா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சது? கணக்குப் பரீட்சைன்னா காய்ச்சல் வந்து படுத்தது?"

"யாரு, நானா? எனக்கு அதெல்லாம் பயமே கிடையாதேம்மா!"

"இப்ப கிடையாது" என்றாள் அம்மா. "அதெல்லாம் போன பிறகுதானே அவரும் பைண்டிங் கடையில நிலையா உட்கார்ந்தாரு."

வாசலில் பிரஷ் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. மகள் கையை நீட்டி வார இதழுக்குள் இருந்த முதல் பக்கத்தை உருவினாள். மேலே, பிரசவத்துக்கு அவள் பெயர் பதிந்திருக்கும் ஆஸ்பத்திரியின் முத்திரை. பணி: பிரசவப் பிரிவில் சக்கர நாற்காலி தள்ளுபவர். 'எவ்வளவு காலம் பணிபுரிய விருப்பம்?' என்ற கேள்விக்கு நேராக, அப்பா தன் கோணல் எழுத்தில் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார்:

'அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வரை. குழந்தை பிறக்கத் தாமதமானால் இன்னும் இரண்டு நாள்.'