குறட்டை விடும் லேப்டாப்

“ஏம்ப்பா, இது லைப்ரரியா, மாவு மில்லா?”

வாசிப்பறையில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. கேட்டது ‘வக்கீலம்மா’. படிப்பதென்னவோ வரலாறுதான், வாயைப் பார்த்து வகுப்பு வைத்த பேர் அது.

மூலை மேஜைப் பையன் ஹெட்போனைக் கழற்றினான். அவனுடைய பழைய லேப்டாப் கர்ர்ர், கடகடவென்று இரைந்துகொண்டே இருந்தது. ஒரு வாரமாக இதே கூத்து. அவனுக்குக் ‘குறட்டை’ என்று பேர் வைத்ததும் அவள்தான்.

“சாரிங்க. டிவிடி ஓடுது. இன்னும் பத்து நிமிஷம்...”

“நேத்தும் இதே பத்து நிமிஷம்தான். படம் பாக்கணும்னா ரூம்ல போய்ப் பாரு.”

“படம் இல்லீங்க.”

“பின்னே, பாடமா ஓடுது?”

யாரோ சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நூலகர் எழுந்து வந்தார். “இன்னிக்கு என்னம்மா வழக்கு?”

“பொது இடம்னா ஒரு பொறுப்பு வேணாமா சார்? நானும்தான் இருக்கேன். லீவு நாளையெல்லாம் விட்டுட்டு, பார்வையில்லாத பசங்களுக்குப் பாடம் வாசிச்சு டிவிடி போட்டுக் கொடுத்தேன். மேடையில கூப்பிட்டுக் கை தட்டினாங்க. அடுத்தவங்களை நினைச்சுப் பாக்குற மனசு இவனுக்குத் துளியாவது இருக்கா?”

“தம்பி, என்ன டிஸ்க் அது? எடு, பாப்போம்.”

அவன் சட்டென்று டிரைவைக் கையால் மறைத்தான். “வேணாம் சார். தனியா சொல்றேன்.”

“பாத்தீங்களா! மடியில கனம், அதான் வழியில பயம்.”

நூலகருக்கும் முகம் இறுகியது. “காட்டலைன்னா லைப்ரரி கார்டைக் கொடுத்துட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராதே.”

அவன் ஒரு தடவை அவளைப் பார்த்தான். அப்புறம் பைக்குள் கைவிட்டுக் கார்டை எடுத்து நீட்டினான்.

“அப்படியே நழுவிடலாம்னு நினைப்பா?” கை விலகிய சமயம் பார்த்து அவளே பட்டனை அழுத்தினாள்.

தட்டு வெளியே வந்தது. டிஸ்க் மேல் பாதி உரிந்த காகித ஸ்டிக்கர். அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது, அவளுடைய முகம்.

அவனுக்குத்தான் கூச்சமாக இருந்தது. மெதுவாகச் சொன்னான். “அந்தப் பசங்க ஸ்கூல்ல இருக்கறது பழைய பிளேயருங்க. சிடி மட்டும்தான் எடுக்கும். டிவிடியைப் போட்டா வெளிய தள்ளிடுது. பசங்களுக்கு அடுத்த வாரம் பரீட்சை. அதான் ஒவ்வொண்ணா சிடில ஏத்திட்டிருக்கேன். ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலா ஒட்டியிருக்கா... சுத்தும்போது ஆடுது. சத்தம் அதுலதான்.”

“எங்கிட்ட... சொல்லியிருக்கலாம்ல?”

“அவ்வளவு பேரு கை தட்டினாங்க. நடுவுல போய் எப்படிங்க சொல்றது?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

நூலகர் கார்டை அவன் கையிலேயே திணித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்டலெல்லாம் இல்லை, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்:

“கண்ணு தெரியாத பசங்களுக்கு உன் போட்டோ எதுக்கும்மா?”