திரைக்கு அந்தப் பக்கம்

இந்தக் கதையைப் பதினோரு வருஷமாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். அதே பதினோரு வருஷமாக, கேட்கும்போதெல்லாம் சிரித்தும் வருகிறேன்.

சொல்பவர் பெர்டில். எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர். சனிக்கிழமை காபிக்குப் புது ஆள் ஒருவர் வந்தால் போதும், தொடங்கிவிடுவார்.

"நம்ம ரூனே கிரான் கனாரியாவுக்குப் பறந்த கதை தெரியுமா?"

எங்கள் ஊரான சுண்ட்ஸ்வாலில் பிப்ரவரி என்றால் பனி அள்ள வேண்டும். இல்லையென்றால் சார்ட்டர் விமானம் ஏறி, கிரான் கனாரியா மாதிரி ஒரு வெயில் தீவுக்கு ஓட வேண்டும். அந்த வருஷம் எங்கள் கட்டடத்திலிருந்து பதினொரு பேர் ஒரே விமானத்தில் ஓடினார்கள்.

டிக்கெட் பதியும்போது ஒரு பொத்தானை அமுக்கிக் கூடுதலாகக் கட்டினால், முன்னால் பெரிய சீட்டு கிடைக்கும். எங்கள் ஊரில் அந்தப் பொத்தானை யாரும் அமுக்க மாட்டார்கள். அமுக்கினாலும் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டியை விட்டு ஓடியவனைக்கூட இங்கே மன்னித்துவிடுவோம். மற்றவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தவனை மாட்டோம்.

ரூனே அமுக்கினார். மனிதர் இரண்டு மீட்டர் உயரம். அந்தக் கால்களை ஆறு மணி நேரம் எங்கே மடக்கி வைப்பார் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

"முதல் வரிசை! ஜன்னலோரம்!" என்பார் பெர்டில். "நாமெல்லாம் பின்னாடி கோழி மாதிரி அடைஞ்சு கிடக்கோம். துரை அங்க காலை நீட்டிக்கிட்டு ஷாம்பெய்ன் குடிக்கிறாரு. எத்தனை கிளாஸ்? மூணு! மூணாவதை 'வேண்டாம், வேண்டாம்'னு சொல்லிக்கிட்டே கையை நீட்டுறாரு!"

சிரிப்பு.

"அப்புறம் இறால் வச்ச ரொட்டி. மேல இருந்த எலுமிச்சைத் துண்டைக்கூட விடல, சப்பி எடுத்துட்டாரு. ஷூவைக் கழட்டினா, இடது சாக்ஸ்ல ஓட்டை! 'அப்பாடா, இப்பதான் என் காலுக்கும் ஒரு வீடு கிடைச்சது'ன்னு முணுமுணுக்கிறாரு பாருங்க!"

சாக்ஸ் ஓட்டைக்குத்தான் எப்போதும் பெரிய சிரிப்பு.

அந்த வசந்தத்தில் ரூனேதான் தலைவராகியிருக்க வேண்டும். கூரைக் குழாய் அடைத்தாலும் கொதிகலன் நின்றாலும் ஓடி வந்தவர் அவர். ஆண்டுக் கூட்டத்தில் பெர்டில் ஒரே ஒரு வரிதான் சொன்னார்.

"தாராளமா ரூனேவைத் தலைவராக்குங்க. நாளைக்கே பிளேன்ல இருக்கிற மாதிரி மாடிப்படிக்கு நடுவுல திரை கட்டிடுவாரு."

எல்லாக் கைகளும் பெர்டிலுக்காக உயர்ந்தன. என்னுடையதும். ரூனே சிரித்துக்கொண்டே, வழக்கம்போல நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார்.

இந்த பிப்ரவரியில் முதல் தடவையாக நானும் அதே விமானத்தில் போனேன். இருபத்து நாலாவது வரிசை; நடு சீட்டு; முழங்கால் தாடையில்.

விமானம் மேலே ஏறியதும் பணிப்பெண் வந்தாள். முன் வரிசைகளுக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறத் திரையை இழுத்து மூடினாள். தரையிறங்கும்வரை அது விலகவே இல்லை. அந்தப் பக்கம் ஒரு சாக்ஸ்கூடத் தெரியவில்லை.

ஆறு மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும், துணி துவைக்கும் அறையில் குன்னெலைப் பிடித்தேன். அன்றைக்குப் போன பதினொரு பேரில் அவளும் ஒருத்தி.

"ரூனேவை நீ பார்த்தியா?"

"ஏறும்போது பார்த்தேனே. அவர் பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. 'சீமான் கோட்டுக்கும் ஒரு சீட்டு வாங்கிட்டாரு போல'ன்னு நாங்க சிரிச்சோம்."

"பெர்டில் எங்க உட்கார்ந்திருந்தாரு?"

"நம்மாளுங்க பத்து பேரும் கடைசி... இல்ல, ஒன்பது பேர்." துணியை மடிப்பதை நிறுத்தினாள். "பெர்டில் விஸ்கி வாங்கணும்னு ஏர்போர்ட் கடையில நின்னாரு. கடைசியா ஏறியிருப்பாரு. நடுவுல எங்கயாவது இருந்திருப்பாரு. ஆனா இறங்கி நாங்க பஸ்ஸுக்குப் போனா, எங்களுக்கு முன்னாடியே ஏறி உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பிச்சிட்டாரு மனுஷன்!"

ஏப்ரலில் ஆண்டுக் கூட்டம். புதிதாகக் குடிவந்த ஒரு பெண், விவரம் தெரியாமல், ரூனேவின் பெயரை முன்மொழிந்தாள்.

"குளிர்காலம் முழுக்க என் வாசல் பனியையும் சேர்த்து அள்ளினது அவர்தான். அவர் ஏன் தலைவராகக் கூடாது?"

கடைசி வரிசையில் ரூனே நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அந்த முகத்தில் ஓர் ஆசையைப் பார்த்தேன்.

பெர்டில் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நீ ஊருக்குப் புதுசு. நம்ம ரூனே கிரான் கனாரியாவுக்குப் பறந்த கதை தெரியுமா?"

மூன்று கிளாஸ். எலுமிச்சை. சாக்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். ரூனேவின் தோள்கள் பழையபடி தளர்ந்தன. நாற்காலி அடுக்கத் தயாராகிவிட்டார்.

"சரி, ஓட்டெடுப்புக்கு முன்னாடி யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் பெர்டில். எங்கள் சங்கத்தில் அது வெறும் சம்பிரதாயம். யாரும் கேட்பதில்லை.

கையைத் தூக்கினேன். அது இத்தனை கனமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ரூனே என்னைப் பார்த்தார். எதற்கென்று அவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையாட்டினார். பதினோரு வருஷமாக அவர் கட்டிக் காத்த திரை.

"என்னய்யா இங்வே, நீயா?" பெர்டில் சிரித்தார். "கேளு, கேளு."

கேட்டேன்.

"அன்னிக்கு ரூனேவுக்குப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்தது யாரு, பெர்டில்?"